வெளிநாட்டு அலைக்கு எந்த சர்ஃப்போர்டு? கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கொங்கு நாட்டில் அணை உண்டு, ஆறு உண்டு, தோட்டத்துக் கிணறு உண்டு, கடல் இல்லை. சர்ஃபிங் பழகும் நம் ஊர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போகிறார்கள். இல்லையென்றால் பாலக்காடு தாண்டிக் காரில் வர்க்கலைக்கு. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரில் கிடைத்தால் அதிகம். பிறகு ஒரு தீபாவளி லீவிலோ பள்ளி விடுமுறையிலோ இலங்கை, பாலி என்று ஒரு வாரம் கிளம்பும்போது, கையோடு கொண்டுபோன போர்டோ கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டிய போர்டோ அந்த அலைக்கு ஒத்துவராமல் மூன்று நாள் வீணாகிவிடுகிறது. ஏழு நாள் பயணத்தில் மூன்று நாள் பெரிய நஷ்டம்.

வரிசை முக்கியம். முதலில் மாதம், அப்புறம் கரை, அப்புறம் அலை, கடைசியில் போர்டு. பலரும் போர்டை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற கடலைத் தேடுகிறார்கள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. உங்கள் அளவை ஒரு தாளில் எழுதுங்கள்

நான்கு விஷயம் போதும். ஒன்று, இன்றைய எடை. போன வருட எடை வேண்டாம், இன்று தராசில் ஏறிப் பாருங்கள். இரண்டு, எந்தக் கால் முன்னால் நிற்கிறது. இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. மூன்று, போன ஒரு வருடத்தில் எத்தனை நாள் அலையில் இருந்தீர்கள். நான்கு, கீழே உள்ள மூன்று நிலையில் எதில் இருக்கிறீர்கள்.

முதல் நிலை: உடைந்து நுரையாக வரும் வெள்ளைத் தண்ணீரில் எழுந்து நிற்கிறீர்கள், உடையாத பச்சை அலையைப் பிடிக்க யாராவது பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டியிருக்கிறது. இரண்டாம் நிலை: பச்சை அலையை நீங்களே போர்டில் படுத்துக் கையால் துடுப்பிட்டுப் பிடித்து, அலைமுகத்தின் குறுக்கே ஒரு பக்கமாக ஓட முடிகிறது. மூன்றாம் நிலை: ஓடிக்கொண்டே திரும்பவும் வேகம் கூட்டவும் முடிகிறது.

இதில் உண்மையாக இருங்கள். "ஒரு தடவை பச்சை அலை பிடித்தேன்" என்பது இரண்டாம் நிலை ஆகாது. பத்து முறை முயன்றால் ஆறு முறையாவது தள்ளுவார் இல்லாமல் பிடிக்க வேண்டும்.

நீச்சல் பற்றி ஒரு வார்த்தை. கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர்களுக்குப் பயம் இருக்காது, அது நல்லதுதான். ஆனால் கிணற்றில் நாலு கை வீசினால் சுவர் வந்துவிடும். கடலில் லீஷ், அதாவது காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு, அறுந்து போர்டு போய்விட்டால் கரை வரை நீங்கள்தான் நீந்த வேண்டும். நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடியாவிட்டால் பயணத்தை ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டு நீச்சல் குளத்தில் சேருங்கள்.

2. எந்த மாதம், எந்தக் கரை

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், குறிப்பாக இலங்கைக்குப் போகிறவர்கள். அந்தத் தீவின் இரண்டு கரைக்கும் பருவம் நேர் எதிர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதம் நம் ஊருக்குள் வந்து வாழையைச் சாய்க்கிறதே, அதே தென்மேற்குக் காற்றுதான் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரையில் கடலிலிருந்து கரையை நோக்கி அடித்து அலையைக் கலைக்கிறது. தீவைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போகும்போது அதே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலைமுகம் வழவழவென்று நிற்கும்.

ஆகவே மே மாத விடுமுறை என்றால் கிழக்கே அறுகம் குடா. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே பருவம். பொங்கல் லீவு என்றால் தெற்கே வெலிகம, மிதிகம, ஹிக்கடுவ. நவம்பர் முதல் ஏப்ரல் வரை. விளம்பரத்தில் வெலிகம படத்தைப் பார்த்து ஜூன் மாதம் டிக்கெட் போட்டால் மழையும் கலங்கிய கடலும்தான் மிஞ்சும்.

பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மேற்குப் பக்கம்: கூட்டா, சாங்கு, உலுவாத்து. நவம்பர் முதல் மார்ச் வரை காற்று திசை மாறுவதால் கிழக்குப் பக்கம்: சனூர், நுசா துவா, கெராமாஸ். மழைக்காலத்தில் கூட்டா கடற்கரையில் ஆற்றுத் தண்ணீரோடு குப்பையும் வந்து ஒதுங்கும், தெரிந்துகொண்டு போங்கள். மாலத்தீவுக்கு மார்ச் முதல் அக்டோபர் வரை. மலேசியாவின் சேரத்திங்குக்கு நவம்பர் முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது மட்டும்.

திருப்பூரில் கம்பெனி மூடுகிற தீபாவளி வாரம் ஒரு நடுத்தெரு வாரம். பாலியின் மேற்குப் பக்கம் முடிகிற நேரம், வெலிகம தொடங்குகிற நேரம். அந்த வாரம்தான் லீவு கிடைக்கும் என்றால் ஒரே கடற்கரையில் ஏழு நாளுக்கும் ரூம் போடாமல் முதல் மூன்று நாளுக்கு மட்டும் போடுங்கள்.

3. அந்த அலையைப் படியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். போர்டைத் தீர்மானிப்பது இதுதான்.

*தரை என்ன?* மணல் என்றால் பீச் பிரேக். விழுந்தாலும் பெரிதாக அடிபடாது, ஆனால் மணல்திட்டு நகர்வதால் அலை வாரத்துக்கு வாரம் மாறும். பாறை முனையைச் சுற்றி அலை சுருண்டு வருவது பாயின்ட், நீண்டு ஓடும். பவளப்பாறை என்றால் ரீஃப். அலை ஒரே இடத்தில் ஒரே மாதிரி, சட்டென்று செங்குத்தாக எழும். அலை ஏறக்குறைய தன் உயரத்தைப் போல 1.3 மடங்கு ஆழத்தில் உடைகிறது. ஒரு மீட்டர் அலை என்றால் அது உடையும் இடத்தில் தண்ணீர் நெஞ்சளவு மட்டும். அதற்குக் கீழே பவளப்பாறை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போர்டைத் தேர்ந்தெடுங்கள்.

*எத்தனை வினாடி?* அலை முன்னறிவிப்பு இணையதளங்களில் உயரத்துக்குப் பக்கத்தில் வினாடி என்று ஒரு எண் இருக்கும்; ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி அது. நம் ஆட்கள் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் எவ்வளவு என்று தெரிய, வினாடியை அதாலேயே பெருக்கி மறுபடி 1.56-ஆல் பெருக்குங்கள். 8 வினாடி அலை 100 மீட்டர் நீளம். 16 வினாடி அலை 400 மீட்டர் நீளம். நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். 400 மீட்டர் அலை 200 மீட்டர் ஆழத்திலேயே உணர்கிறது. கரைக்கு வரும்போது அது எழும்பி நிற்கிற உயரமும் தள்ளுகிற பலமும் வேறு. முன்னறிவிப்பில் இரண்டுக்கும் 1 மீட்டர் என்றே போட்டிருக்கும்.

சென்னைக் கரையில் 7, 8, 9 வினாடி அலையில் பழகிய கைக்கு, தென்பெருங்கடலிலிருந்து பாலிக்கு வரும் 14, 16 வினாடி அலை வேகமாகத் தெரியும். துடுப்பிடும் வேகம் போதாது. அலை அடியில் நழுவிப் போய்விடும், அல்லது உச்சிக்குப் போனபிறகு பிடித்து போர்டின் மூக்கு (முன்நுனி) தண்ணீரில் குத்தி விழுவீர்கள். இந்த இரண்டு தவறுக்கும் காரணம் பெரும்பாலும் போர்டின் மிதப்பு குறைவுதான், உங்கள் கை பலம் குறைவு என்று நினைத்துச் சோர வேண்டாம்.

*ஏற்றவற்றம்.* நமக்கு இது புதிது. ஒரு நாளில் தண்ணீர் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் அதிகம். வீட்டு தினசரி காலண்டரே போதும், பயண தேதிக்குப் பக்கத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ வருகிறதா என்று பாருங்கள். இலங்கையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு, கவலை வேண்டாம். பாலியில் அந்த நாட்களில் 2 மீட்டரைத் தாண்டும். காலையில் கழுத்தளவு தண்ணீர் இருந்த ரீஃப் மதியம் முழங்காலளவில் பல்லைக் காட்டி நிற்கும்.

*எந்தப் பக்கம் ஓடுகிறது?* அலையில் இருந்துகொண்டு கரையைப் பார்த்தால் வலப்பக்கம் ஓடுவது ரைட், இடப்பக்கம் ஓடுவது லெஃப்ட். அறுகம் குடாவின் மெயின் பாயின்ட் ரைட், உலுவாத்து லெஃப்ட். ரெகுலர் நிற்பவருக்கு ரைட்டில் முகம் அலையைப் பார்க்கும், லெஃப்டில் முதுகு காட்டி ஓட வேண்டும். முதுகுப் பக்கம் ஓடிப் பழக்கமில்லையென்றால் அந்த இடத்துக்குப் போர்டை ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள்.

*காற்று.* காலை ஆறு முதல் ஒன்பது. பெரும்பாலான கரைகளில் அதற்குமேல் கடல்காற்று கிளம்பிவிடும். ரூமைக் கடற்கரைக்கு நடந்துபோகும் தூரத்தில் எடுப்பதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இதற்காகத்தான்.

4. லிட்டர், நீளம், வளைவு

போர்டின் மிதப்பை லிட்டரில் சொல்கிறார்கள். உங்கள் எடையை வைத்து இப்படிக் கணக்குப் போடுங்கள்.

முதல் நிலையில் இருப்பவருக்கு எடை எத்தனை கிலோவோ அதைவிடப் பத்து இருபது கூடுதலாக லிட்டர். 70 கிலோ என்றால் 80 முதல் 90 லிட்டர். 8 அல்லது 9 அடி ஃபோம் போர்டு, மேலே மெத்தென்று இருப்பது. இரண்டாம் நிலைக்கு எடையில் 0.75 முதல் 0.85 மடங்கு. 70 கிலோவுக்கு 52 முதல் 60 லிட்டர். ஏழு அடிக்கு மேல், எட்டு அடிக்குள் மிட்லெங்த் எனும் நடு நீள வகை. மூன்றாம் நிலைக்கு 0.5 முதல் 0.6 மடங்கு, 35 முதல் 42 லிட்டர், ஆறேகால் அடியிலிருந்து ஆறே முக்கால் அடி வரை. விளம்பரங்களில் வரும் வீரர்கள் ஏறுவது எடையில் 0.4 மடங்குக்கும் குறைவான போர்டு. அவர்கள் தினமும் தண்ணீரில் இருப்பவர்கள். நமக்கு அது உதவாது.

இந்தக் கணக்கின்மேல் புதிய அலைக்காக 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டால், அல்லது கடைசியாகக் கடலுக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டால், பத்து சதவீதத்தையே எடுங்கள்.

வாடகைக் கடைப் பழைய போர்டில் லிட்டர் எழுதியிருக்காது. போர்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் மரக்கட்டையை ஒட்டிப் பென்சிலில் நீளம், அகலம், தடிமன் மட்டும் எழுதியிருக்கும். மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி, 61-ஆல் வகுத்து, வருவதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 0.54 மடங்கு எடுங்கள். ஆறடி போர்டு, 20 அங்குல அகலம், இரண்டரை அங்குலத் தடிமன் என்றால் 72 × 20 × 2.5 = 3600; 61-ஆல் வகுத்தால் 59; அதில் 0.54 மடங்கு 32 லிட்டர். 70 கிலோ ஆளுக்கு இது வேண்டாம் என்று கடை வாசலிலேயே முடிவு செய்துவிடலாம். ஃபோம் போர்டுக்கு இந்தக் கணக்கு சரிவராது, அது பெட்டி மாதிரி இருப்பதால் மிதப்பு இன்னும் அதிகம்.

லிட்டர் மட்டும் பார்த்தால் போதுமா என்றால், போதாது. போர்டின் அடிவளைவை ராக்கர் என்பார்கள். போர்டைச் சமதரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்; மூக்கும் வாலும் எவ்வளவு மேலே எழும்பி நிற்கின்றன என்பதுதான் அது. தட்டையான போர்டு சோம்பலான அலையில் வேகமாக ஓடும், கோவளத்தில் அதுதான் சுகம். அதே தட்டை போர்டைச் செங்குத்தான ரீஃப் அலையில் இறக்கினால் அலைமுகத்தின் வளைவோடு பொருந்தாமல் மூக்கு தண்ணீரில் குத்தும். ஒன்பது அடி ஃபோம் போர்டு எல்லா இடத்திலும் பத்திரம் என்று நினைப்பது இதனால்தான் தவறு. ரீஃபுக்குப் போகும்போது மிதப்பைக் குறைக்காதீர்கள். அதே மிதப்பை, மூக்கு வளைந்த, கொஞ்சம் குறுகிய போர்டில் தேடுங்கள்.

வால் பகுதியில் வட்டமும், நுனி வெட்டிய சதுரமும் எல்லா இடத்துக்கும் ஒத்துவரும். மீன்வால் பலவீனமான அலைக்கு. கூர்வால் பெரிய, குழிந்த அலைக்கு. அது உங்களுக்குத் தேவைப்படும் காலம் வரும்போது உங்களுக்கே தெரியும். ஓரம் தடித்து உருண்டிருந்தால் தவறை மன்னிக்கும், மெலிந்து கூர்மையாக இருந்தால் மன்னிக்காது.

இடத்தோடு பொருத்திச் சொன்னால்:

வெலிகம குடா மணல்தரை, மெதுவான அலை. முதல் நிலைக்கு 8, 9 அடி ஃபோம். இரண்டாம் நிலைக்காரர்களும் முதல் இரண்டு நாள் இதையே எடுங்கள்.

அறுகம் குடாவில் முதல் நிலைக்கு பேபி பாயின்ட், அங்கே ஃபோம். மெயின் பாயின்ட் நீண்ட ரைட், பாறையும் உண்டு, கூட்டமும் உண்டு. ஏழு அடி மிட்லெங்த் அங்கே தங்கம். ஒன்பது அடி போர்டைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் கூட்டத்துக்குள் கொண்டுபோனால் அடுத்தவர் தலையில் விழும். பொத்துவில் வட்டாரம் தமிழ் பேசும் ஊர். வாடகையைத் தமிழிலேயே பேசி முடிக்கலாம், அலை எங்கே உடைகிறது, பாறை எங்கே தலை நீட்டுகிறது என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். பாலியில் கிடைக்காத வசதி இது.

கூட்டா மணல்தரை, ஃபோம் போதும். சாங்குவில் 'பத்து போலாங்' (Batu Bolong) என்ற கடற்கரையில் மெதுவாக எழும் அலை, லாங்போர்டு எனும் நீண்ட போர்டுக்கு ஏற்றது. உலுவாத்து பக்கம் மூன்றாம் நிலைக்காரர்கள் மட்டும், அதுவும் உள்ளூர் வழிகாட்டியோடு.

மாலத்தீவு பெரும்பாலும் ரீஃப், படகில்தான் போக வேண்டும். மூன்றாம் நிலை, வளைவுள்ள போர்டு, வட்ட வால். சேரத்திங்கில் நீண்ட மெதுவான லெஃப்ட், லாங்போர்டு அல்லது மிட்லெங்த்.

5. கொண்டுபோவதா, வாடகையா

மூன்றாம் நிலைக்குக் கீழே இருந்தால் வாடகை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வாடகையில் இருக்கும் பெரிய லாபம் பணம்கூட அல்ல. அலை மாறினால் போர்டை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். விமானத்தில் போர்டுக்கு ஒரு தடவைக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து நேரே போகாமல் இரண்டு தனி டிக்கெட்டில் விமானம் மாறினால் போக 8,000, வர 8,000. சென்னையிலோ திருச்சியிலோ ஏறினால் அந்த விமான நிலையத்துக்குப் பெரிய வண்டி வேண்டும். வாடகை நாளுக்கு 800 ரூபாய் என்றால் ஏழு நாளுக்கு 5,600. உங்கள் டிக்கெட்டிலும் உங்கள் கடையிலும் சொன்ன தொகையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நாளுக்குக் குறைந்த பயணத்தில் கொண்டுபோவது கட்டுப்படியாவது அபூர்வம்.

விதிவிலக்கு மாலத்தீவு. படகுப் பயணத்தில் வாடகை போர்டு இல்லாமல் இருக்கலாம், உடைந்தால் மாற்றும் கிடைக்காது. முன்பதிவுக்கு முன்பே "எத்தனை போர்டு, என்ன லிட்டர்" என்று எழுத்தில் கேளுங்கள்.

கொண்டுபோக முடிவு செய்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன் மூன்று கேள்வி: அதிகபட்ச நீளம் எத்தனை சென்டிமீட்டர், எடை எவ்வளவு, உறைக்குள் எத்தனை போர்டு. பதிலை மின்னஞ்சலில் வாங்கி அச்செடுத்துக் கையில் வையுங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு விதி தெரியாமல் போவது சாதாரணம். ஆறடி 183 செ.மீ., ஏழடி 213, எட்டடி 244, ஒன்பதடி 274. உறை இதைவிடப் பத்து சென்டிமீட்டர் நீளும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு தனி டிக்கெட் என்றால் நடுவில் போர்டை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

6. காகிதங்கள்

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் செல்லுபடி. இந்தோனேசியாவில் வந்திறங்கி எடுக்கும் விசா 30 நாளுக்கு 5 லட்சம் ருபியா. பாலிக்குத் தனியாக 1.5 லட்சம் ருபியா சுற்றுலா வரி, 2024 பிப்ரவரி முதல் உண்டு, இணையத்திலேயே கட்டிவிடலாம். மாலத்தீவில் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா இலவசம், ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையப் படிவம் நிரப்ப வேண்டும். இலங்கை விசா விதி சமீப வருடங்களில் அடிக்கடி மாறியிருக்கிறது; டிக்கெட் எடுக்கும் அன்று ஒரு தடவை, கிளம்பும் வாரம் ஒரு தடவை அந்நாட்டு அரசு இணையதளத்தில் பாருங்கள். ஏஜென்ட் பேச்சை நம்ப வேண்டாம்.

பயணக் காப்பீட்டில் சர்ஃபிங் என்ற சொல் இருக்கிறதா என்று பாலிசியிலேயே தேடுங்கள். பல பாலிசிகள் சாகச விளையாட்டை விலக்கி வைக்கின்றன. கூடுதல் தொகை கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

சொந்த போர்டு விலை கூடியது என்றால், கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியது என்று வரி கேட்க மாட்டார்கள். பில், போர்டின் படம், வரிசை எண் வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். சென்னையில் விமானம் மாறினால் சர்வதேசப் பகுதியில்தான் இது நடக்கும், கோவையில் போர்டை நேராக இறுதி ஊருக்கு டேக் போட்டுவிட்டால் காட்ட முடியாமல் போகும்.

7. போர்டு இல்லாவிட்டாலும் கொண்டுபோக வேண்டியவை

லீஷ். வாடகைக் கடை லீஷ் வெயிலில் காய்ந்து விரிசல் விட்டிருக்கும். போர்டின் நீளத்துக்குச் சமமாக, அல்லது சற்றுக் கூடுதலாக. எட்டடி லீஷ் ஒன்று பெரும்பாலான வாடகை போர்டுக்குப் போதும்.

மூன்றாம் நிலைக்காரர்கள் சொந்த ஃபின், அதாவது போர்டின் அடியில் வாலருகே மாட்டும் மீன்துடுப்பு, கொண்டுபோகலாம். எஃப்சிஎஸ், ஃப்யூச்சர்ஸ் என்று இரண்டு வகைப் பொருத்தம், ஒன்று மற்றொன்றில் ஏறாது. இரண்டு வகைக்கும் திருகு திறப்பது 3/32 அங்குல அறுகோணச் சாவிதான்; ஐந்து கிராம் எடையுள்ள இந்தச் சாவி இல்லாமல் காலை ஏழு மணிக்கு நின்றவர்கள் ஏராளம்.

வேக்ஸ், அதாவது கால் வழுக்காமல் இருக்க போர்டின் மேல் தேய்க்கும் மெழுகு: 24 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீருக்கு டிராப்பிக்கல் என்று எழுதியது. குளிர்நீர் வேக்ஸ் இலங்கைத் தண்ணீரில் குழம்பாகிவிடும்.

முழுக்கை ரேஷ்கார்டு, அதாவது தோல் உரசாமல் காக்கும் மேல்சட்டை. இதைக் கடற்கரைக் கடையில் மூன்று மடங்கு விலைக்கு வாங்காதீர்கள். பாலியஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணி திருப்பூரிலேயே கிடைக்கிறது, விளையாட்டு உடை கடைகளில் கேளுங்கள். பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் கனக்கும், நெஞ்சும் அக்குளும் தேய்ந்து புண்ணாகும்.

ரீஃபுக்கு ரப்பர் காலுறை. முகத்துக்கு வெள்ளை துத்தநாகப் பசை. கிளம்புவதற்கு முன் டிடி ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று மருத்துவரிடம் கேளுங்கள். பவளப்பாறைக் கீறல் சிறிதாகத் தெரியும், சரியாகக் கழுவாவிட்டால் சீழ் வைக்கும்.

8. சொந்த போர்டை மூட்டை கட்டுதல்

ஃபின் கழற்றுங்கள், லீஷ் கழற்றுங்கள், வேக்ஸைச் சுரண்டி எடுங்கள். மிச்சப் பிசுக்குக்குக் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு துணியில் விட்டுத் துடைத்தால் கரைந்து வரும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பசை இல்லாமல் காயவிடுங்கள்.

ஓரங்களுக்கு ஏசி செப்புக் குழாயில் போடும் கறுப்பு ஃபோம் குழாய்தான் மிகச் சிறந்தது. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். நீளவாக்கில் ஒரு பக்கம் கத்தியால் கீறி, போர்டின் ஓரத்தில் செருகி, டேப் போடுங்கள். மூக்குக்கும் வாலுக்கும் பனியன் கம்பெனி அட்டைப்பெட்டியை மூன்று அடுக்காக மடித்து வையுங்கள், அடிபடுவது அங்கேதான். அதன்மேல் குமிழ் உறை ஒரு சுற்று. துணிகளை மேல் கீழாகச் செருகலாம், ஆனால் நிறுவனம் சொன்ன எடையைத் தாண்டாமல். ஆறடி போர்டு மூன்று கிலோ சுமார், ஒன்பதடி ஆறிலிருந்து எட்டு.

காரின் மேல் கட்டும்போது போர்டின் மேற்பக்கம் கீழே, ஃபின் பக்கம் முன்னால். மூடிய காருக்குள் பகல் வெயிலில் விடாதீர்கள். சித்திரை வெயிலில் சேலம் வழியாக ஒரு பகல் ஓட்டம் போதும், எபாக்ஸி போர்டின் மேல்தோல் கொப்புளம் விட்டுப் பிரிந்துவிடும். இரவில் கிளம்புங்கள்.

9. வாடகைக் கடையில் பத்து நிமிடம்

கடைக்காரர் அவசரப்படுத்துவார். பொறுமையாகச் செய்யுங்கள்.

மேற்பக்கம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்காவது அமுங்கினால் தோல் ஃபோமிலிருந்து பிரிந்துவிட்டது, வேண்டாம். நடுவில் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு தெரிந்தால் போர்டு ஒரு தடவை முறிந்து ஒட்டப்பட்டது, பெரிய அலையில் அங்கேயே மறுபடி முறியும். ஃபின் பெட்டியைச் சுற்றி விரிசல், லீஷ் கட்டும் குழியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் நுழைவது அங்கேதான். பழுப்புக் கறை, அளவுக்கு மீறிய கனம் இரண்டும் உள்ளே தண்ணீர் குடித்திருப்பதற்கு அடையாளம். வெறும் மஞ்சள் நிறம் வெயில்பட்டது மட்டும், பயமில்லை. ஃபோம் போர்டு என்றால் அடிப்பக்க வழவழப்புத் தகட்டில் மடிப்பு இருக்கிறதா, பிளாஸ்டிக் ஃபின் ஆடுகிறதா பாருங்கள்.

ஒவ்வொரு கீறலையும் கடைக்காரர் முன்னிலையிலேயே படம் எடுங்கள், கடைப் பெயர்ப்பலகையும் ஒரு படத்தில் வரட்டும். திருப்பிக் கொடுக்கும்போது பழைய கீறலுக்குப் பணம் கேட்கும் கடைகள் உண்டு. கீறலுக்கு எவ்வளவு, ஃபின் போனால் எவ்வளவு, முறிந்தால் எவ்வளவு என்று எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பணமாக பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அல்லது ரொக்கம். ஒத்துக்கொள்ளாவிட்டால் பக்கத்துக் கடைக்கு நடங்கள்.

வார வாடகை பேசும்போது கடைசியாக ஒரு நிபந்தனை: "போர்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வேன்." நாள் வாடகையில் நூறு ரூபாய் குறைப்பதைவிட இது பெரிது.

10. முதல் நாளும் மாற்றும் நேரமும்

இறங்கியதும் தண்ணீருக்கு ஓடாதீர்கள். கரையில் முப்பது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்: எங்கே உடைகிறது, எந்த வழியாக உள்ளே போகிறார்கள், பெரிய அலைக்கூட்டம் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது, உங்கள் நிலையில் இருப்பவர்கள் எந்த போர்டில் இருக்கிறார்கள். ரீஃபில் உள்ளே போக ஆழமான கால்வாய் ஒன்று இருக்கும். பெரிய போர்டை அலைக்கடியில் முக்கிக் கடக்க முடியாது. அதனால் அந்தக் கால்வாயைத் தெரிந்துகொள்ளாமல் இறங்காதீர்கள்.

முதல் இரண்டு முறை கணக்கிட்டதில் பெரிய போர்டு. பிறகு எது தப்பாகிறது என்று பாருங்கள். அலை அடியில் நழுவிப் போகிறது என்றால் இன்னும் ஐந்து லிட்டர் கூட்டுங்கள். பிடிக்க முடிகிறது, ஆனால் இறங்கும்போது மூக்கு குத்துகிறது என்றால் முதலில் நெஞ்சை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளிப் படுத்துப் பாருங்கள்; அப்படியும் குத்தினால் லிட்டரை அப்படியே வைத்து வளைவு கூடிய போர்டு கேளுங்கள். துடுப்பிடும்போதே மூக்கு வானத்தைப் பார்த்து நின்றால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள், போர்டின்மேல் தவறில்லை. ஓடும்போது வால் வழுக்கினால் ஃபின் சிறிது, 65 முதல் 80 கிலோவுக்கு மீடியம் அளவு கேளுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, திரும்பத்தான் கனமாக இருக்கிறது என்றால் மட்டும் நீளத்தில் நான்கு அங்குலம் குறைத்து அடுத்ததை எடுங்கள். ஒரே நாளில் எட்டடியிலிருந்து ஆறடிக்கு இறங்க வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் மாலை, எடுத்த போர்டின் மூன்று அளவு, அன்றைய அலை உயரம், வினாடி, ஏற்றமா இறக்கமா, எத்தனை அலை பிடித்தீர்கள் என்று கைபேசியில் இரண்டு வரி எழுதுங்கள். போர்டை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வைத்துவிட்டு, அடுத்த நாள் முன்னறிவிப்பைப் பார்த்து, மாற்ற வேண்டுமென்றால் கடை மூடுவதற்குள் மாற்றிவிடுங்கள். காலை ஆறு மணிக்குக் கடை திறந்திருக்காது.